ஆர்.சி. பள்ளியில் இரண்டாம் வகுப்பு: நெல்லைக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

பாளையங்கோட்டையில் வீடு பார்த்து, பிள்ளையை ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டு, முதல் மாதத்திலேயே குழம்பிப்போய் வகுப்பு வாசலில் வந்து நிற்கும் பெற்றோரை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் பையன் நெற்றியில் சிலுவை போடுகிறானே என்று ஒரு வீட்டில் கவலை. இன்னொரு வீட்டில் ஒரே பெருமை: மகள் தமிழ்ப் புத்தகத்தை அட்டைக்கு அட்டை சொல்கிறாள், பேசாமல் மூன்றாம் வகுப்புக்கே ஏற்றிவிடலாமா டீச்சர் என்று கேட்பார்கள். கவலைப்பட்டவருக்குப் பதில் சொல்வது எளிது. பெருமைப்பட்டவரைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரண்டாம் வகுப்பையே எடுத்து ஓய்வு பெற்றவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் இருந்தான். பாடத்தைத் தங்குதடையில்லாமல் சொல்வான். ஆய்வுக்கு வந்த அதிகாரி முன்னால் அவனைத்தான் எழுப்பினேன். கணீரென்று வாசித்தான். அதிகாரி சிரித்துக்கொண்டே அவன் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினார். பையன் விரித்து வைத்திருந்தது வேறு பாடம். அவனுக்கு ஒரு எழுத்துக்கூடச் சரியாகத் தெரியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வருடம் முழுவதும் என் கண்ணெதிரே இருந்த பிள்ளை. அந்த வெட்கத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த மாதிரிப் பள்ளி?

‘கிறிஸ்தவப் பள்ளி’ என்று சொன்னால் நெல்லைச் சீமையில் பாதித் தகவல்தான். பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. (சீர்திருத்த சபையான தென்னிந்தியத் திருச்சபை) பள்ளியும் ஆர்.சி. பள்ளியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். ஆர்.சி. என்றால் கத்தோலிக்கம்: மாதா, புனிதர்கள், செபமாலை, திருப்பலி எல்லாம் உண்டு. சி.எஸ்.ஐ. வழக்கத்தில் மாதாவிடம் செபிப்பதும் செபமாலையும் கிடையாது. பிள்ளை என்ன செபம் சொல்லிக்கொண்டு வரும் என்பது இதைப் பொறுத்தது.

ஆர்.சி.-யிலும் இரண்டு வகை. மறைமாவட்டமோ (ஓர் ஆயரின் கீழ் இயங்கும் திருச்சபைப் பகுதி) துறவற சபையோ நடத்தும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி ஒன்று. பெரும்பாலும் தமிழ்வழி. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, பாடநூல் இலவசம், மதிய உணவு உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும் நகர்ப்புறத்துக்கு 2025 ஆகஸ்டிலும் வந்துவிட்டது. மற்றொன்று சிஸ்டர்கள் அல்லது சாமியார்கள் (கத்தோலிக்கக் குருக்கள்) நடத்தும் ஆங்கிலவழி மெட்ரிக் பள்ளி. கட்டணம் உண்டு. பாடத்திட்டம் இங்கேயும் சமச்சீர்தான் என்றாலும், கூடுதலாகத் தனியார் பதிப்பகப் புத்தகங்களைத் தலையில் கட்டுகிற பள்ளிகள் உண்டு. சேர்க்கும்போதே புத்தகப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தை இங்கே கேட்கப் போய்ப் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இரண்டாம் வகுப்பில் நடுவே வந்து சேர்வதற்கு மாற்றுச் சான்றிதழ், பழைய பள்ளியில் கொடுத்த எமிஸ் எண் (அரசின் கல்விப் பதிவில் மாணவருக்கான அடையாள எண்), பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஞானஸ்நானச் சான்றின் நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும். பள்ளியில் கேட்காவிட்டாலும் பங்கில், அதாவது உங்கள் பகுதிக் கோயிலில், கேட்பார்கள்.

செபமும் மறைக்கல்வியும்

காலை வணக்கக் கூட்டம் ஒரு செபத்தோடு தொடங்கும். பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து. நண்பகல் 12 மணிக்கு மணி அடித்தால் பல பள்ளிகளில் எல்லாரும் அப்படியே எழுந்து நின்று மூவேளை செபம் சொல்வார்கள். கூட்டல் கணக்கு பாதியில் நிற்கும். சாப்பாட்டுக்கு முன் ஒரு செபம், மாலை மணிக்கு முன் ஒரு செபம். புதுப் பிள்ளைக்கு ஒரு வாரத்தில் எல்லாம் மனப்பாடமாகிவிடும், எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும்.

இதற்கு வெளியே தனிப் பாடவேளை ஒன்று உண்டு. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போவார்கள், மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கு. ‘ஞானோபதேசம்’ என்று ஆச்சிமார் (பாட்டிமார்) சொல்வது இந்த மறைக்கல்வியைத்தான். உங்கள் பிள்ளை எங்கே உட்கார வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் எந்தப் பள்ளியும், பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு குழந்தையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக் கூடாது என்பது அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. இதைச் சொல்லிச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ‘நன்னெறியில் உட்காரட்டும் டீச்சர்’ என்று சேர்க்கும் நாளிலேயே சொன்னால் போதும். நானறிந்த பள்ளிகளில் யாரும் மறுத்ததில்லை. என் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் செப நேரத்தில் கை கட்டி அமைதியாக நிற்பார்கள். அதற்கு மேல் யாரும் எதிர்பார்த்ததும் இல்லை.

மறைக்கல்வியில் இந்த வயதுக்கு என்ன? சிலுவை அடையாளம், ஆண்டவர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை, திரித்துவப் புகழ், காவல் தூதர் செபம், பத்துக் கட்டளைகள். கதைகளாகப் படைப்பு, நோவாவின் பேழை, இயேசுவின் பிறப்பு, காணாமல் போன ஆட்டுக்குட்டி. நம் மாவட்டத்துக் கதை ஒன்றையும் நான் விடாமல் சொல்வேன். நட்டாலத்தில் பிறந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம், 2022 மே 15-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். ‘எங்க ஆச்சி ஊருக்குப் பக்கத்துல டீச்சர்’ என்று நாலு பிள்ளைகளாவது கத்துவார்கள். ரோமாபுரிக் கதைக்கு இந்தக் கூச்சல் வராது.

இந்தச் சீமையில் குடும்பத்துக்குள்ளேயே ஆர்.சி.-யும் சி.எஸ்.ஐ.-யும் கலந்திருக்கும். அவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஆண்டவர் கற்பித்த செபத்தை கத்தோலிக்கர் ‘தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள். வகுப்பே ஆமென் சொன்ன பிறகு, சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளையின் குரல் மட்டும் ‘ராஜ்யமும் வல்லமையும்’ என்று தனியே போய்க்கொண்டிருக்கும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பிள்ளை கூசிப்போகும். இரண்டாவது, பத்துக் கட்டளைகளின் எண் வரிசை. கட்டளைகள் அதேதான், பிரிக்கும் விதம் வேறு. ‘கொலை செய்யாதே’ கத்தோலிக்கருக்கு ஐந்தாவது, சி.எஸ்.ஐ.-க்கு ஆறாவது. ஞாயிறு பள்ளியில் ஒரு வரிசை, திங்கள் பள்ளியில் ஒரு வரிசை. ‘இங்கே இப்படி, அங்கே அப்படி’ என்று வீட்டில் ஒரு முறை சொல்லிவையுங்கள். ஏழு வயதுக்கு அது தாராளமாகப் புரியும்.

கத்தோலிக்க வீட்டிலேயேகூடத் தகராறு வரும். மங்கள வார்த்தை செபத்தை ஆச்சி ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று தொடங்குவார். பேத்தி ‘அருள் நிறைந்த மரியே’ என்பாள். ஒரே செபம்தான், மொழிபெயர்ப்பு மாறிவிட்டது. பள்ளிக்கு அனுப்பும்போது புதியதைச் சொல்லிக் கொடுங்கள். ஆச்சியோடு மாலை செபத்தில் பழையதைச் சொல்லட்டும்.

மனப்பாடம் என்பது இந்தப் பள்ளிகளுக்கு நேற்று வந்த பழக்கம் அன்று. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தெருவில் கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழாக்கிய செபங்களை வரிவரியாகச் சொல்ல வைத்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், தமிழ் எழுத்தில் அச்சாகி இன்றும் எஞ்சியிருக்கிற மிகப் பழைய புத்தகம், 16 பக்கமுள்ள ஒரு ஞானோபதேசச் சுவடிதான். ஐந்நூறு ஆண்டுப் பழக்கம். செபத்துக்கு அது பொருந்தும். அதே ராகத்தில் பிள்ளை தமிழ்ப் பாடத்தையும் வாய்ப்பாட்டையும் சொல்லத் தொடங்கும்போதுதான் வீட்டில் விழித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்: இந்த ஆண்டின் உயிர்நாடி

ஒன்றாம் வகுப்பில் எழுத்துகள் அறிமுகமாகியிருக்கும். இரண்டாம் வகுப்பில் உயிர்மெய் வரிசைகள் கைவசமாகி, சொற்களாகி, சிறு வாக்கியங்களாக ஓட வேண்டும். 247 என்ற எண்ணைக் கேட்டு மலைக்காதீர்கள். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் துணைக்குறிகளும் பிடிபட்டால் 216 உயிர்மெய்யும் தானாக வந்துவிடும். பிள்ளை தடுக்கி விழும் இடம் கொம்பு. கெ, கே, கொ, கோ. ஒலி பின்னால் வருகிறது, குறி முன்னால் நிற்கிறது. ‘கொ’வில் எழுத்துக்கு இருபுறமும் ஆள் நிற்கிறது. இதை எழுதச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் ககரத்தை முதலில் எழுதிவிட்டு, கொம்புக்கு இடம் தேடுவார்கள். ஒரு காலத்தில் ஓலையில் கெ, கே இரண்டும் பார்வைக்கு ஒன்றாகவே இருந்தன. நெடிலுக்குச் சுழித்த கொம்பைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். நமக்குப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய இத்தாலியச் சாமியார். கேகேகே என்று பக்கம் பக்கமாக எழுதிக் கை வலிக்கும் பிள்ளைகளிடம் நான் அவரைக் காட்டிக் கொடுத்துவிடுவேன்.

அடுத்தது ழகரம். நம் பக்கத்தில் பளம், வாளை, மளை என்றுதான் வாய் பேசும். சொல்வதை எழுதச் சொன்னால் காதில் விழுந்ததை எழுதும் பிள்ளை. அதில் குற்றம் இல்லை. ‘பொதிகை மலையில் மழை’ என்ற வாக்கியத்தை வாரம் ஒரு முறையாவது எழுத வைப்பேன். வீட்டில் நீங்கள் ழகரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன், எனக்கே பேச்சில் வராது. ஆனால் வாசித்துக் காட்டும்போது மட்டும் நாக்கை மடியுங்கள். வாசிப்புக்கு ஒரு நாக்கு, பேச்சுக்கு ஒரு நாக்கு என்று பிள்ளை பழகிக்கொள்ளும். பேச்சிலே ‘நிக்காவ’, புத்தகத்திலே ‘நிற்கிறார்கள்’. பெங்களூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த பிள்ளைக்கு மூன்றாவதாக ஒரு வழக்கும் சேர்கிறது. அவர்களுக்குக் காலாண்டுத் தேர்வு வரை அவகாசம் கொடுங்கள்.

இப்போது சோதனை. பிள்ளை வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்று வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். பாடத்தின் நடுவே ஏதாவது ஒரு சொல்லில் விரல் வைத்து, இது என்ன என்று கேளுங்கள். ஒப்பிக்கிற பிள்ளை உதட்டை அசைத்து, பாட்டை முதலிலிருந்து மனத்துக்குள் ஓட்டி அந்தச் சொல்லுக்கு வரும். கவனித்தால் தெரியும். பிறகு கடைசி வரியைப் பின்னாலிருந்து முன்னால், சொல் சொல்லாகச் சொல்லச் சொல்லுங்கள். படத்தைக் கையால் மறையுங்கள். மூன்றிலும் தேறினால், பாடப்புத்தகத்தை மூடிவிட்டுக் காலண்டர் தாளையோ தீப்பெட்டி அட்டையையோ நீட்டுங்கள். அதையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டால், ‘என்ன போட்டிருக்கு?’ என்று கேளுங்கள். சொந்த வார்த்தையில் பதில் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

தேறாவிட்டால் திட்டாதீர்கள். ஒப்பித்தல் ஏமாற்று அல்ல. கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்ளும் நல்ல காது இருக்கிறது என்றுதான் அர்த்தம், கண் இன்னும் வேலைக்கு வரவில்லை. தினமும் பத்து நிமிடம், பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியாத நான்கைந்து வரிகள், விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் நகர்த்திக்கொண்டு. இரண்டு மாதம் போதும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். 2021-ல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் இயக்கம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள் வரை பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பிள்ளையின் முன் உட்கார வேண்டாம். ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’ என்பது தமிழில் ஒரே சொல். சொல்லை எண்ணிப் பார்ப்பது நம் மொழிக்கு அநியாயம் என்பது என் கட்சி. அரசுப் பள்ளிகளில் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். உங்கள் பள்ளியிலும் அந்தப் பயிற்சி நூல் இருந்தால், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். மதிப்பெண்ணைவிட அது பயனுள்ள தகவல்.

கணக்கு: ஈர்க்குக் கட்டு

ஆண்டின் பெரும்பகுதி இரண்டிலக்க எண்ணில்தான் ஓடும். பத்துகள், ஒன்றுகள், கூட்டல், கழித்தல், பெருக்கலுக்கு அறிமுகம், வடிவங்கள், நாணயம், நேரம்.

எண்ணின் பெயரிலேயே முதல் பள்ளம். 90-ஐத் தொண்ணூறு என்கிறோம், அதற்குள் ஒரு ‘நூறு’ ஒலிக்கிறது. ஒன்பதுக்குள் ‘பது’ ஒலிக்கிறது. எண்பத்தொன்பது, தொண்ணூற்றொன்பது என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நமக்கே நாக்கு சுழலும். தொண்ணூற்றொன்பதை எழுதச் சொன்னால் 109 என்று எழுதும் பிள்ளை முட்டாள் அல்ல, காதுக்கு உண்மையாக இருக்கிறது. எண்பதுக்கு மேலே உள்ள இருபது எண்களையும் சொல்லி எழுதவும், எழுதியதைச் சொல்லவும் தனியாகப் பழக்குங்கள்.

அடுத்து, கடன் வாங்கிக் கழித்தல். 52-லிருந்து 27. பத்துப் பிள்ளைகளில் நான்கு பேர் 35 என்பார்கள். 2-லிருந்து 7 போகாது என்று தெரிந்து, 7-லிருந்து 2-ஐக் கழித்துவிடுவார்கள். ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்லிக் கொடுத்தால் கடன் வாங்கும் சடங்கு மட்டும் மனப்பாடமாகும், ஏன் வாங்கினோம் என்பது தெரியாது. ஆகவே தென்னை ஈர்க்குகளைச் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் 52. இதில் 27 கொடு என்று கை நீட்டுங்கள். பிள்ளை இரண்டு கட்டு கொடுக்கும், பிறகு ஏழு உதிரி வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கடினம், ஆனால் இருங்கள். சிறிது நேரம் விழித்துவிட்டு, பிள்ளையே ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றும். ஒரு கட்டை அவிழ்த்தால் பத்து உதிரி. கடன் என்பது அவ்வளவுதான். ஈர்க்கு கிடைக்காவிட்டால் புளியமுத்து, பத்துக்கு ஒரு சின்னப் பொட்டலம்.

வாய்ப்பாட்டைக் காலையில் கூட்டமாக ராகம் போட்டுச் சொல்வார்கள். ஓரிரண்டு இரண்டு, ஈரிரண்டு நான்கு. அந்த ராகம் எனக்கும் பிடிக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் மட்டும் இடையில் வெட்டிக் கேளுங்கள். நாலு மூணு எத்தனை? பிள்ளை ஓர்மூன்று மூன்று என்று முதலிலிருந்து தொடங்கினால் தமிழ்ப் பாடத்தின் அதே நோய்தான். தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போங்கள். நான்கு ஆட்டோ நிற்கிறது, ஒவ்வொன்றுக்கும் மூன்று சக்கரம். எண்ணட்டும். ஓர் ஆட்டோ கிளம்பிப் போனால் இன்னும் நல்லது.

மற்றவை

ஆங்கிலம் பற்றி அதிகம் கவலைப்படுவது பெற்றோர்தான், பிள்ளை அல்ல. நாலுகோட்டு நோட்டில் எழுத்து, எளிய சொற்கள், சிறு பாட்டுகள். மெட்ரிக் பள்ளியில் சற்றுக் கூடுதல். b, d இரண்டையும் மாற்றி எழுதுவது இந்த வயதில் சாதாரணம்.

சூழ்நிலையியலுக்குப் புத்தகத்தைவிட ஊர் நல்ல ஆசிரியர். நீர் பற்றிய பாடம் வந்தால் ஒரு சனிக்கிழமை குறுக்குத்துறைப் படித்துறையில் தாமிரபரணியைக் காட்டுங்கள். பறவை பற்றிய பாடம் வந்தால், குளிர்காலத்தில் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம். மரத்துக்கு ஒரு பனை போதும்: நுங்கு, ஓலை, கருப்பட்டி, விசிறி எல்லாம் ஒரே மரத்தில் முடிந்துவிடும்.

வீட்டுப்பாடம் மலையாக வந்தால் தயங்காமல் கேளுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டது. அதே ஆண்டு வந்த மத்திய அரசுச் சுற்றறிக்கை, இந்த வகுப்புகளின் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. உங்கள் பிள்ளையின் பையை ஒரு நாள் மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். தண்ணீர்ப் பாட்டிலையும் சாப்பாட்டு டப்பாவையும் வெளியே எடுத்துவிட்டுத்தான், நியாயம் வேண்டுமல்லவா.

திருநாள் நாள்காட்டி

விடுமுறைப் பட்டியல் சொல்லாத சில திருநாள்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆகஸ்ட் 15 சுதந்திர தினத்தோடு மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவும் சேரும், மிட்டாய் இரட்டிப்பு. செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். அக்டோபர் முழுக்கச் செபமாலை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். டிசம்பர் 3 சவேரியார் திருநாள், பாளையங்கோட்டைப் பேராலயமே அவர் பெயரில் இருப்பதால் ஊர் களைகட்டும். பிறகு கிறிஸ்துமஸ் குடில் கட்டும் நாள்கள். வைக்கோல் கொண்டுவா, களிமண் ஆட்டுக்குட்டி செய்துகொண்டு வா என்று திடீரென்று சொல்வார்கள், முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் பிள்ளைக்கு நினைவு வரும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை நடக்கும், பிள்ளை கையில் ஒரு சின்ன அட்டை உண்டியல் கொடுத்தனுப்புவார்கள். கட்டாயம் எதுவும் இல்லை. தான் வாங்கித் தின்னும் மிட்டாய்க் காசில் ஒரு பங்கைப் போட வேண்டும் என்பதுதான் பாடம். அப்பா நூறு ரூபாய்த் தாளை மடித்துப் போட்டு அனுப்பினால் பாடம் கெட்டுப்போகும்.

புதுநன்மை எப்போது?

வெளிநாட்டிலிருந்து திரும்பும் கத்தோலிக்கக் குடும்பங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. புதுநன்மை என்றால், திருப்பலியில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தைப் பிள்ளை முதன்முதலாக வாங்குவது. அமெரிக்காவில் கத்தோலிக்கப் பள்ளிகளில் இரண்டாம் வகுப்பு என்றாலே முதல் ஒப்புரவும் (பாவசங்கீர்த்தனம்) முதல் நன்மையும்தான், ஆண்டு முழுவதும் அதற்கே தயாரிப்பு. இங்கே அப்படி இல்லை. பெரும்பாலான பங்குகளில் மூன்றாம், நான்காம் வகுப்பிலோ அதற்குப் பிறகோதான் புதுநன்மை. கொடுப்பது பங்கு, பள்ளி அல்ல. பெயர் பதிவது பங்குத்தந்தையிடம். தயாரிப்பு வகுப்பும் கோயிலில்தான் நடக்கும். மாவட்டத்தின் வடக்கே பாளையங்கோட்டை மறைமாவட்டம்; தெற்கே உவரி, வடக்கன்குளம் பக்கம் தூத்துக்குடி மறைமாவட்டம். பங்குக்குப் பங்கு வழக்கமும் மாறும். வீடு மாறிய உடனே உங்கள் பங்கு எது என்று கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். பள்ளி ஒரு பங்கில், வீடு வேறு பங்கில் என்பது பாளையங்கோட்டையில் சர்வ சாதாரணம். பள்ளியில் சொல்லிவிட்டோம் என்று இருந்துவிட்டு, வெள்ளை உடை தைத்த பிறகு பட்டியலில் பெயர் இல்லை என்று அழுத குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

வயதைப் பற்றிய விதி சுவையானது. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910-ல் ஆணை பிறப்பித்து, ஏறத்தாழ ஏழு வயதில், புத்தி விவரம் தெரியத் தொடங்கியதுமே நன்மை கொடுக்கலாம் என்றார். ஞானோபதேசம் முழுவதையும் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு தெரிகிறதா, தன் வயதுக்கேற்பப் புரிந்திருக்கிறதா, அவ்வளவுதான். செபத்தை அட்சரம் பிசகாமல் சொல்லத் தெரியாத ஒரு பெண், ‘அது அப்பம் மாதிரி இருக்கும், ஆனா ஆண்டவர் டீச்சர், அதான் ஓடக் கூடாது’ என்றாள் ஒரு முறை. அவளை அனுப்பியிருப்பேன் நான், என் கையில் இருந்தால்.

ஏப்ரலில்

மூன்றாம் பருவம் முடியும்போது எல்லாரும் தேர்ச்சிதான், ஆகவே தேர்ச்சி அட்டை உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. பெற்றோர் கூட்டத்தில் மூன்றே கேள்வி கேளுங்கள்: தெரியாத பத்தியை வாசிக்கிறதா? கட்டை அவிழ்த்துக் கழிக்கிறதா? வகுப்பில் தானாகக் கை தூக்குகிறதா? ‘நல்லாப் படிக்குது’ என்று பொதுவாகப் பதில் வந்தால் விடாமல் திரும்பக் கேளுங்கள். நாங்கள் நாற்பது பிள்ளைகளைப் பார்க்கிறோம், சில நேரம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவோம்.

பிறகு விடுமுறையில் ஒரு நாள் பிள்ளையைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். எங்கும் போக வேண்டியதில்லை, பெஞ்சில் உட்கார்ந்து வரும் பஸ்களின் பலகையை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். முக்கூடல் எளிது. அம்பாசமுத்திரத்தில் ஒரு மூச்சு வாங்கும். வள்ளியூரையும் வண்ணார்பேட்டையையும் மாற்றிச் சொன்னால், முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகிக்கிறது என்று அர்த்தம், விரலைக் கொண்டுவாருங்கள். திசையன்விளைப் பஸ் வந்து நின்று கிளம்புவதற்குள் பிள்ளை அந்தப் பலகையை முழுதாக வாசித்துவிட்டால், எழுந்து போய் ஆளுக்கொரு சர்பத் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.